வழிப்போக்கனுக்கு மரியாதை

இணையத்தில் உலவ ஓர் உலாவி வேண்டும். அந்த உலாவி நம்முடையதாக இருந்தால் இன்னும் நல்லது. இந்த இரண்டையும் யாராலும் மறுக்க முடியாது. யாராலும் மறுக்க முடியாத கருத்து ஒன்று கிடைத்துவிட்டால், அதற்கு ஓர் அலுவலகம் திறந்து, பெயர்ப்பலகை மாட்டி, குடிதண்ணீர்க் கேன் போட்டுவிடுவது வழக்கம். அப்படித் தோன்றியதுதான் இணைய உலாவி ஊக்குவிப்பு முகமை. அதன் அம்பத்தூர் மண்டலப் பரப்புரை அலுவலராக வந்து சேர்ந்தவர் தசரதன்.

தசரதன் கொரட்டூரில் குடியிருப்பவர். இதற்கு முன் மரக்கன்று விநியோகத்தில் இருந்தார். அதற்கு முன் கொசு விழிப்புணர்வில் இருந்தார். கன்றுகள் வளரவில்லை, கொசுக்கள் வளர்ந்தன என்றாலும் இரண்டு இடங்களிலும் அவருக்கு நல்ல பெயர்தான். நேரத்துக்கு வருவார். கொடுத்த துண்டறிக்கையை முதலில் தானே படித்துப் பார்ப்பார். அரசு ஊழியர்களில் அது அபூர்வமான குணம். கொஞ்சம் ஆபத்தான குணமும்கூட.

தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கு மேலே இரண்டு அறைகளில் அலுவலகம் நடந்தது. கீழே இயந்திரம் ஓடும்போது மேலே மேசைகள் அதிரும். கோப்புகள் தாமாகவே ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகரும். அந்த அலுவலகத்தில் கோப்புகள் நகர்ந்தது அந்த ஒரு வழியில்தான்.

மண்டல இயக்குநர் பச்சையப்பன் சாதாரணமாகப் பேசமாட்டார். வீட்டில் சாம்பார் கேட்பதாக இருந்தாலும் ‘மேற்காணும் பொருள் தொடர்பாக’ என்று தொடங்குவார் என்று சொல்லிக்கொள்வார்கள். அவர் முன்னால்தான் ஒரு திங்கட்கிழமை, உலாவியை உருவாக்கிய பெண்ணைக் கொண்டுவந்து உட்கார வைத்தார் தசரதன்.

மேனாம்பேட்டுப் பெண். அவளுடைய அப்பா உழுத நிலத்தில் இப்போது ஆறு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. பொறியியல் படித்துவிட்டு வீட்டிலிருந்தபடியே ஓர் உலாவியைச் செய்திருந்தாள். ஏதோ ஒரு போட்டியில் அதற்கு முதல் பரிசாக ஒரு சால்வை கொடுத்து, அரசே அதை ஏற்றுப் பரப்பும் என்றும் அறிவித்துவிட்டார்கள்.

“பெயர் என்னம்மா?” என்றார் பச்சையப்பன்.

“கனிமொழி சார்.”

“உலாவியின் பெயர்.”

“வழிப்போக்கன்.”

பச்சையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். எங்கோ வலிப்பது போல இருந்தது அவர் முகம்.

“அரசு ஏற்றுக்கொண்ட ஒன்றை அவன் இவன் என்று அழைப்பது முறையா?”

“அது வெறும் பேருதானே சார்?”

“நாளை மாண்புமிகு யாராவது தொடங்கி வைக்கும்போது, ‘வழிப்போக்கன் வந்துவிட்டான்’ என்று மேடையில் சொல்ல முடியுமா? சொன்னால் மேடையில் இருப்பவர்கள் தங்களைச் சொல்வதாக நினைக்கமாட்டார்களா? தசரதன், எழுதிக்கொள்ளுங்கள். வழிப்போக்கர்.”

இவ்வாறு முதல் நாளே உலாவிக்கு ஒரு ‘ர்’ கிடைத்தது.

“சரி, இதன் சிறப்பு என்ன?”

கனிமொழி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ரோட்ல கூட நடந்து வர்ற ஆள் மாதிரி சார் இது. நீங்க யாரு, எங்க போறீங்க, என்ன வாங்கினீங்கன்னு கேக்காது. கேட்ட இடத்துக்குக் கொண்டுபோய் விடும், போயிடும். எதையும் ஞாபகம் வச்சுக்காது. யார்கிட்டயும் எதையும் சொல்லாது.”

“எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது, யாரிடமும் எதையும் சொல்லாது” என்று பச்சையப்பன் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். “நம் துறைக்கு மிகவும் பொருத்தம்.”

அன்று மாலை ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போகும்போது தசரதன் தன் பழைய போனில் வழிப்போக்கனைத் திறந்து பார்த்தார். வழக்கமாக அவர் ரயில் நேரம் பார்க்கப் போனால், பெரிய உலாவி முதலில் அனுமதி கேட்கும், பிறகு செருப்பு காட்டும், பிறகு அவர் பெயரைச் சொல்லி வீட்டுக்கடன் வேண்டுமா என்று விசாரிக்கும். அதற்குள் ரயில் வில்லிவாக்கம் தாண்டிவிடும். இதிலோ ரயில் நேரம் கேட்டார். ரயில் நேரம் வந்தது. வேறு ஒன்றுமே வரவில்லை.

தசரதனுக்குச் சற்றுப் பயமாகவே இருந்தது. அரசாங்கம் கொடுத்த ஒன்று சொன்ன வேலையைச் செய்வதை அவர் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. மறுபடி கேட்டுப் பார்த்தார். மறுபடி வந்தது. வீடு போய்ச் சேர்வதற்குள் அந்த உலாவிமேல் அவருக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது. ‘இதை ஊருக்கெல்லாம் சேர்த்துவிட வேண்டும்’ என்று நினைத்துக்கொண்டார். சம்பளத்துக்கு அப்பாற்பட்ட அந்த நினைப்பிலிருந்துதான் அவருடைய கஷ்டங்கள் எல்லாம் தொடங்கின.

முதலில் மேனாம்பேட்டில் இட்லி மாவுக் கடை வைத்திருக்கும் வேம்புலியம்மாளின் போனில் போட்டுக் கொடுத்தார். சில நாள் கழித்து, எப்படி இருக்கிறது என்று கேட்கப் போனார்.

“இன்னா சார் இது, ஊமையா கீது?” என்றாள் வேம்புலியம்மாள், கிரைண்டரை நிறுத்திவிட்டு.

“ஊமைன்னா?”

“பழசுல உள்ள போனா ‘வாம்மா வேம்புலி’ன்னுது. நேத்து ஒரு மிக்சி பாத்தியே, வாங்காம போய்ட்டியேன்னு வருத்தப்படுது. என் பொறந்தநாளு நான் பெத்ததுங்களுக்கே தெரியாது. அது கேக்கு படம் போட்டு அனுப்புது. இது இம்மா நாளா கூடவே கீது, இன்னும் என் பேர கேக்கல.”

“கேக்காதும்மா. அதுதான் அதோட நல்ல குணம்.”

“பேர கேக்காதது நல்ல குணமா? ஊட்டுக்கு வந்த மருமவ அப்டி இருந்தா நீ ஒத்துக்குவியா?”

தசரதன் யோசித்தார். பரப்புரைக் கையேட்டில் மருமகள் பற்றி எதுவும் இல்லை.

“அப்படி இல்லம்மா. பழசு உங்களை எந்நேரமும் கவனிச்சுக்கிட்டே இருக்கு. நீங்க என்ன பாக்கறீங்க, எங்க போறீங்க, எல்லாத்தையும்.”

“கவனிக்கட்டுமே சார்” என்றாள் வேம்புலியம்மாள். “நம்மள வேற யாரு கவனிக்கிறா?” சொல்லிவிட்டு கிரைண்டரைப் போட்டாள்.

தசரதன் அந்தத் தெருவில் மேற்கொண்டு யாரையும் அணுகாமல் திரும்பிவிட்டார். அந்தக் கேள்வி கொரட்டூர் வரைக்கும் கூடவே வந்தது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வேறு விதமாக நடந்தது. ஆவடிப் பக்கம் ஒரு பெரிய குடியிருப்பின் சங்கச் செயலாளர் ஸ்ரீநாத். சேலத்துக்காரர், ஐ.டி. கம்பெனியில் வேலை. தசரதன் பேசத் தொடங்கியதுமே குறுக்கிட்டார்.

“சார், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இதை எத்தனை பேர் யூஸ் பண்றாங்க?”

தசரதன் பொய் சொல்லிப் பழகாதவர். “என்னைத் தவிர இப்போதைக்கு யாரும் இல்ல சார்.”

“யாருமே இல்லையா?”

“யாருமே இல்ல.”

ஸ்ரீநாத்தின் கண்கள் பளபளத்தன. “அப்ப எங்களுக்கு வேணும்.”

அந்தக் குடியிருப்பில் முந்தின வருஷம் எல்லாரும் செப்புக் குவளையில் தண்ணீர் குடித்தார்கள். அதற்குப் பிறகு வெறுங்காலில் நடந்தார்கள். சமீபத்தில் சாமைக்கு மாறியிருந்தார்கள். சாமை ரேஷன் கடைக்கே வந்துவிடும் போலிருந்ததால் புதிதாக ஒன்றுக்கு ஏங்கிக்கொண்டிருந்த நேரம். ஒரே வாரத்தில் லிஃப்டில் பேச்சு மாறியது. “நீங்க இன்னும் பெரிய பிரவுசர்லயா இருக்கீங்க?” என்று கேட்பார்கள். இன்னும் வெள்ளைச் சர்க்கரையா போட்டுக்கொள்கிறீர்கள் என்று கேட்கும் அதே இரக்கத்தோடு கேட்பார்கள். பெரிய உலாவிகளை விட்டுவிட்டதாக ஒவ்வொருவரும் படத்தோடு அறிவித்தார்கள். படம் அழகாக வரவேண்டும் என்பதால் அறிவிப்பை மட்டும் பெரிய உலாவி வழியாகவே போட்டார்கள்.

இந்த எழுச்சியைக் கேள்விப்பட்ட பச்சையப்பன் ஒரு நிகழ்ச்சிக்கு ஆணையிட்டார். கொரட்டூர் ஏரிக்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ‘தனியுரிமை காப்போம்’ நடைப்பயணம். கலந்துகொள்ள விரும்புவோர் பெயர், முகவரி, கைப்பேசி எண், ரத்த வகை ஆகியவற்றைப் பதிந்து, முகத்தை மூன்று கோணத்தில் படமெடுத்து, கட்டைவிரல் ரேகை வைக்க வேண்டும். எல்லாருக்கும் இலவச பனியன். முன்பக்கம் ‘என்னைக் கவனிக்காதே’. முதுகில் அவரவர் பெயரும் கதவு எண்ணும்.

வரிசையில் நின்ற கனிமொழி, ரேகை எடுக்கும் மேசையைப் பார்த்துவிட்டுத் தசரதனிடம் வந்தாள்.

“சார், தனியுரிமை நடைக்கு எதுக்கு சார் கைரேகை?”

தசரதன் பச்சையப்பனைப் பார்த்தார். பச்சையப்பன் பொறுமையாக விளக்கினார்: “யார் யாரெல்லாம் தனியுரிமையோடு இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரிய வேண்டாமா அம்மா?”

எல்லாரும் நடந்தார்கள். மேலே டிரோன் பறந்து ஒவ்வொருவரையும் படமெடுத்தது. ஸ்ரீநாத்தின் கைக்கடிகாரம் அவர் எத்தனை அடி நடந்தார், இதயம் எவ்வளவு துடித்தது என்று யாருக்கோ சொல்லிக்கொண்டே வந்தது. ஏரிக் கொக்குகள் மட்டும் எதிலும் பதிந்துகொள்ளாமல் பறந்து போயின.

அந்த மாதக் கடைசியில்தான் சிக்கல் வந்தது. தலைமையகத்திலிருந்து கேட்டிருந்தார்கள்: அம்பத்தூர் மண்டலத்தில் மொத்தப் பயனர்கள் எத்தனை பேர்?

“சொல்ல முடியாது சார்” என்றார் தசரதன். “அது யாரையும் எண்றதில்ல.”

“எண்ணாத ஒன்றை எப்படித் தசரதன் நான் உயர்த்திக் காட்டுவது?”

கனிமொழியை வரவழைத்தார்கள். எண்ணுவதற்கு ஏதாவது சின்னதாகச் சேர்க்க முடியுமா என்று கேட்டார்கள்.

“சேத்தா அது கவனிக்கிற பிரவுசர் ஆயிடுமே சார்” என்றாள் கனிமொழி.

“கவனிக்கவே வேண்டாம் அம்மா. எண்ணினால் போதும். யார், எங்கிருந்து, எப்போது, எதற்காக, எவ்வளவு நேரம். இவ்வளவுதான். வேறு எதையும் தொடக்கூடாது. தனியுரிமையில் நாங்கள் சமரசம் செய்துகொள்வதில்லை.”

“முடியாது சார்.”

கீழே லேத் ஓடியது. மேசைமேல் இருந்த உலாவிக் கோப்பு மெல்ல நகர்ந்து நகர்ந்து விளிம்புக்குப் போய்க் கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

முகமை ஓர் ஒப்பந்ததாரரைப் பிடித்தது. அவர் பெரிய உலாவி ஒன்றை அப்படியே எடுத்து, அதற்குப் பச்சை வர்ணம் பூசி, மேலே ‘வழிப்போக்கர்’ என்று எழுதிக் கொடுத்தார். ஏற்கெனவே வழிப்போக்கனைப் போட்டிருந்த போன்களில் அவனை எடுத்துவிட்டு இதுவே வந்து உட்கார்ந்துகொண்டது. திறந்தால் முதலில் வாழ்த்துரை வரும். தாண்ட முடியாது. பிறகு உறுதிமொழி; வலது கையை நெஞ்சில் வைத்திருக்கிறோமா என்று காமிரா பார்க்கும். பிறகு முகச் சரிபார்ப்பு. எல்லாம் முடிந்தபின், உள்ளே பழைய பெரிய உலாவிதான். அது வழக்கம்போலச் செருப்பு காட்டும்.

இதைச் சொல்லத் தசரதன் மேனாம்பேட்டுக்குப் போனார். கையாலாகாத ஒருவர் துக்க வீட்டுக்குப் போவது போலப் போனார். கனிமொழி அழவில்லை.

“என்னோட வழிப்போக்கன் என்கிட்டதான் சார் இருக்கான். அவங்க மரியாதைய அவங்களே வச்சுக்கட்டும்” என்றாள்.

வழிப்போக்கரை யாரும் திறக்கவில்லை. வாழ்த்துரை முடிவதற்குள் பாட்டரி தீர்ந்தது. அலுவலகக் கூட்டத்தின் நடுவில் போன் உறுதிமொழி எடுக்கத் தொடங்கி ஸ்ரீநாத்துக்கு அவமானமாகிவிட்டது. எண்ணிக்கை ஏறாததைக் கண்ட முகமை, மக்களின் ஆர்வத்தை ஒழுங்குபடுத்தும் நோக்கில் ஓர் ஆணை பிறப்பித்தது. இனிமேல் வீட்டு வரி கட்ட, குடிநீர் இணைப்பு வாங்க, பட்டாவில் பெயர் மாற்ற என்று எதற்குப் போனாலும் ‘வழிப்போக்கர் பயனர் சான்று’ வைக்க வேண்டும். சான்று இணையத்தில் கிடைக்கும். அந்த இணையதளம், பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டு, பெரிய உலாவிகளில் மட்டுமே திறக்கும்.

அம்பத்தூர் ஓ.டி.யில் லாவண்யா என்பவர் நடத்திய கணினி மையத்தில் மறுநாளே பலகை தொங்கியது: ‘இங்கு வழிப்போக்கர் சான்று உடனுக்குடன் எடுத்துத் தரப்படும். போன் தேவையில்லை.’ தெரு முனை வரை வரிசை நின்றது. போனே வைத்திராதவர்கள் சிறந்த பயனர் என்று நட்சத்திரம் போட்ட சான்று வாங்கிப் போனார்கள். வேம்புலியம்மாள் தன்னுடையதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, பொன்னியம்மன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். ஊதுபத்தி காட்டும்போது அதற்கும் சேர்த்தே காட்டினாள். சான்றுகளின் எண்ணிக்கை ஏறியது. மண்டலத்தில் சான்று வாங்காத ஆளே இல்லை என்ற நிலைமையும் வந்தது. ஒரே ஒரு ஆளைத் தவிர.

“மேனாம்பேட்டில் யாரோ கனிமொழி என்று ஒருவர்” என்றார் பச்சையப்பன், கண்ணாடியைச் சரிசெய்தபடி. “நம் உலாவி பற்றிய அடிப்படை அறிவுகூட இல்லாதவர் போலிருக்கிறது. நேரில் போய் விழிப்புணர்வு ஏற்படுத்துங்கள்.”

“சார், அவங்கதான் அதைச் செஞ்சவங்க.”

“செய்தவர்களுக்கு விழிப்புணர்வு தேவையில்லை என்று விதி எதுவும் இல்லை.”

தசரதன் போனார். வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கனிமொழி, அவர் வந்த காரியத்தைக் கேட்டதும் முதலில் சிரித்தாள். பிறகு வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

“சரி சார். ஏற்படுத்துங்க.”

“என்னம்மா, நீயுமா?”

“நிஜமாதான் சார். வந்தது வந்துட்டீங்க. நான் கேக்கறேன்.”

தசரதன் கையேட்டைத் திறந்தார். மூடினார். ஷேர் ஆட்டோவில் முதல்முதலாக ரயில் நேரம் பார்த்த கதையைச் சொன்னார். கேட்டதை மட்டும் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்த ஒன்றைத் தன் வாழ்நாளில் அன்றுதான் பார்த்ததாகச் சொன்னார். ஒரு மருந்தின் பெயரை ராத்திரி தேடினால் விடிவதற்குள் ஊரில் உள்ள ஆஸ்பத்திரியெல்லாம் தன்னைக் கூப்பிடுவதையும், இதில் தேடினால் தான் தேடியது தனக்கு மட்டுமே தெரியும் என்பதையும் சொன்னார். நம்மைக் கவனிப்பது வேறு, நம் பையைக் கவனிப்பது வேறு என்றார். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் குடத்தோடு நின்று கேட்டார்கள். வேம்புலியம்மாள் மாவு வழியும் கையோடு வந்து நின்றாள்.

“இம்மா நல்லதா சார் அது?” என்றாள். “அப்பால ஏன் எங்களாண்ட இத்த சொல்லல?”

“சொல்லிக்கிட்டுதானேம்மா இருக்கேன், ஒரு வருஷமா!”

“நீ சான்று வாங்கு, சான்று வாங்குன்னுதான் சொன்னே. யோவ், அல்லாரும் போன எடுங்கப்பா. கனி, அத்த எங்களுக்குப் போட்டுக் குடு.”

போனில் இடம் போதவில்லை. “அந்தப் பச்சைய எடுத்துடவா?” என்று கேட்டாள் கனிமொழி. “எடு, எடு” என்றார்கள். வழிப்போக்கர் போனார்; வழிப்போக்கன் வந்தான். செய்தி மேனாம்பேட்டிலிருந்து சேக்காடு வரைக்கும் பரவியது. அரசாங்கக் கணக்கில் வராத ரகசிய உலாவி ஒன்று கிராமத்துப் பக்கம் கிடைக்கிறதாம் என்று கேள்விப்பட்டு, ஸ்ரீநாத் காரிலேயே வந்து குடியிருப்புக்கு மொத்தமாக வாங்கிப் போனார். தசரதன் அந்த நாட்களில் தரையில் கால் படாமல் நடந்தார். பணியில் சேர்ந்த நாள் முதல் அவர் கொண்டுபோய்க் கொடுத்ததை மக்கள் கேட்டு வாங்கிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

மாதக் கடைசியில் பச்சையப்பன் அறைக்கு அழைப்பு வந்தது. எதிரே திரையில் ஒரு வட்டம் மட்டும் இருந்தது. பூஜ்யம். மண்டலம் முழுவதிலும் வழிப்போக்கரை ஒருவர்கூடத் திறக்கவில்லை.

தசரதன் தற்காலிகப் பணிநீக்கத்துக்குத் தயாராக, சாப்பாட்டுப் பையைக் கையோடு எடுத்து வந்திருந்தார்.

“தசரதன்” என்றார் பச்சையப்பன். குரல் தழுதழுத்தது. “இதை எப்படிச் சாதித்தீர்கள்?”

“சார்?”

“மற்ற மண்டலங்களில் எல்லாம் அங்கே இரண்டு பேர், இங்கே மூன்று பேர் என்று வைத்துக்கொண்டு அல்லாடுகிறார்கள். பின்தங்கிய மண்டலத்துக்கான நிதியில் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. நமக்கோ அப்பழுக்கில்லாத பூஜ்யம். சான்று வழங்கியதில் ஒருவர் நீங்கலாக முழு வெற்றி. பயன்பாட்டில் முழுத் தேவை. இப்படி இரண்டும் ஒருசேர அமைந்த மண்டலம் வேறு இல்லை. தலைமையகத்தில் என்னைக் கட்டிப்பிடித்தார்கள்.”

அம்பத்தூர் ‘இணையத்தில் பின்தங்கிய மண்டலம்’ என்று அறிவிக்கப்பட்டது. பின்தங்கியவர்கள் முன்னேறும் வரை வீட்டு வரியில் சலுகை, மின்கட்டணத்தில் சலுகை. ஆனால் ஒருவர் உலாவியைப் பயன்படுத்துவது தெரிந்தாலும் மண்டலம் முன்னேறிவிட்டதாகக் கருதி எல்லாச் சலுகையும் நிறுத்தப்படும். ஸ்ரீநாத் அவசரப் பொதுக்குழு கூட்டி, ‘நாம் பின்தங்கியவர்களே’ என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டு, வாசலில் விளக்குப் பலகையே வைத்துவிட்டார். பச்சையப்பனுக்குத் தலைமையகத்தில் பெரிய நாற்காலி கிடைத்தது. தசரதனுக்கும் உயர்வுதான். பரப்புரை அலுவலர் என்ற பதவி நீக்கப்பட்டு, ‘பரவாமை கண்காணிப்பு அலுவலர்’ ஆனார். யாரும் உலாவியைப் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்வது வேலை. மாதம் ஒருமுறை பூஜ்யம் என்று எழுதி அனுப்ப வேண்டும்.

அதை எழுதும்போது தசரதனுக்கு உறுத்தவில்லை. சொல்லப்போனால் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார். ‘நீங்கள் பூஜ்யம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே வீட்டுக்கு வீடு ஓசைப்படாமல் வழிப்போக்கன் நடமாடிக்கொண்டிருக்கிறான். எனக்குத் தெரியும்’ என்று நினைத்துக்கொள்வார். அரசாங்கத்துக்குத் தெரியாத ஒரு நல்ல காரியத்தைச் செய்துவிட்ட பெருமை அவரைக் கொஞ்ச காலம் இளைஞராகவே வைத்திருந்தது.

ஒருநாள் அதைக் கண்ணால் பார்த்துவிட ஆசைப்பட்டு மேனாம்பேட்டுக்குப் போனார்.

“வேம்புலியம்மா, நம்ம வழிப்போக்கன் எப்படி இருக்கான்?”

வேம்புலியம்மாள் அக்கம்பக்கம் பார்த்தாள். முந்தானையில் கை துடைத்துக்கொண்டு போனை எடுத்துக் காட்டினாள். “பத்ரமா கீறான் சார். தொடவே இல்ல.”

“ஏம்மா?”

“தொட்டா கரெண்டு சலுகை பூடும்னு சொல்றாங்களே. எதுக்கு சார் நமக்கு வம்பு? பழசுலயே வந்துகினு போய்கினு கீறேன். நேத்துகூட ‘எங்க வேம்புலி, ரெண்டு நாளா ஆளக் காணோம்’னு கேட்டுது.”

“அது வேற இது வேறம்மா. பச்சையத்தான் எண்ணுவாங்க. இதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.”

“நீ சொல்ற. எவன் கண்டான்?”

ஸ்ரீநாத்துக்குப் போன் செய்தார். “அதுவா சார்? மாவுக் கடை வரைக்கும் வந்துடுச்சே. நாங்க எப்பவோ விட்டுட்டோம். இப்ப நாங்க வாரம் ஒரு நாள் இன்டர்நெட்டே இல்லாம இருக்கோம். அதுக்கு ஒரு ஆப் இருக்கு, அனுப்பட்டுமா?”

கடைசியாகக் கனிமொழி வீட்டுக்குப் போனார். அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை. பெரிய உலாவிகளில் ஒன்றைச் செய்யும் கம்பெனியின் பெயர் அதில் இருந்தது.

“நல்ல சம்பளம் சார்” என்றாள், செருப்பை மாட்டியபடி, அவர் முகத்தைப் பார்க்காமல். “யாருக்கு என்ன பிடிக்கும்னு முன்கூட்டியே கண்டுபிடிக்கிற டீம்ல போட்டிருக்காங்க.”

“வழிப்போக்கன்?”

“ஆபீஸ் போன் சார் இது. வேற பிரவுசர் போடக் கூடாது.”

அவளை ஏற்றிக்கொண்டு கம்பெனிப் பேருந்து போய்விட்டது. தசரதன் தெருவில் நின்றார். சலிப்போடு, அடுத்த ரயில் எப்போது என்று பார்க்கப் போனை எடுத்தார். திரையில் ஒரு நல்ல தோல் செருப்பு வந்தது. வீட்டுக்கடன் வந்தது. ‘வணக்கம் தசரதன், இன்று மேனாம்பேட்டிலா இருக்கிறீர்கள்?’ என்று அன்பாக ஒரு விசாரிப்பும் வந்தது. எப்போது இதற்குத் திரும்பினோம் என்று அவர் யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. போன பொங்கலுக்கு வேட்டி விலை பார்த்தபோதாக இருக்கலாம்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போய், மாதாந்திர அறிக்கையில் பயனர்கள் என்ற இடத்தில் பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அம்பத்தூர் மண்டலத்திலிருந்து சென்ற அறிக்கைகளில் ஒரு பிழைகூட இல்லாத முதல் அறிக்கை அதுதான்.